மின்சுற்று வரைய எந்த மென்பொருள்?

பள்ளியில் ஆர்.பி.டி. பாடத்துக்கு மின்னணுத் திட்டம் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அல்லது மகன் பாலிடெக்னிக்கில் முதல் தவணையில் இருக்கிறான். அல்லது வேலை ஓய்வுக்குப் பிறகு இளமைக்கால ஆசை ஒன்று திரும்ப வந்து, ஜாலான் பசார் கடையிலோ சிங்கப்பூர் சிம் லிம் டவரிலோ ஒரு பை நிறைய உதிரிபாகங்களை நீங்களே வாங்கி வந்திருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும். மின்சுற்றைக் கணினியில் வரைய வேண்டும். எதில் வரைவது?

இணையத்தில் தேடினால் இருபது பெயர்கள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் 'இதுவே சிறந்தது' என்று சொல்ல ஆள் இருக்கிறார். அந்தப் பெயர்களுக்குள் போவதற்கு முன், வரையப் போவது எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். தொடக்கநிலையாளர்கள் தவறான மென்பொருளைப் பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்தத் தெளிவின்மையே காரணம்.

மலாய்ப் பாடநூலில் 'லித்தார்' என்று வரும் மின்சுற்றை இரண்டு விதமாகக் காட்டலாம். பாகங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல, பிரெட்போர்டு, அதில் செருகிய சில்லு, சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி என்று படமாக வரைவது ஒரு விதம். குறியீடுகளை மட்டும் வைத்து, எந்தக் கால் எந்தக் காலோடு சேர்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவது இன்னொரு விதம். இரண்டாவதைத்தான் மின்சுற்று வரைபடம் என்கிறோம்.

கோலாலம்பூர் எல்.ஆர்.டி. நிலையத்தில் மாட்டியிருக்கும் வழித்தட வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். அதில் நிலையங்களுக்கு இடையிலான தூரம் உண்மையான தூரமல்ல. வளைந்து போகும் பாதை நேர்க்கோடாக இருக்கும். ஆனால் எந்த நிலையத்தில் இறங்கி எந்தத் தடத்துக்கு மாறலாம் என்பது மட்டும் துல்லியமாக இருக்கும். இந்த வகை வரைபடத்துக்கு வழிகாட்டி, 1931இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்த படம். பெக், ரயில் நிறுவனத்தில் மின் வரைபடங்கள் வரையும் வேலை பார்த்தவர். இடத்தை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் காட்டும் பழக்கம் அவருக்குக் கைவந்த ஒன்று.

இதே காரணத்தால்தான் மின்சுற்று வரைபடத்தில் ஒரு சில்லின் கால்கள் 1, 2, 3 என்ற வரிசையில் இருப்பதில்லை. மின்சாரம் வரும் கால் மேலே, தரை கீழே, உள்ளீடு இடப்பக்கம், வெளியீடு வலப்பக்கம் என்று வேலைக்கேற்ப அடுக்கியிருப்பார்கள். முதன்முதலில் பார்ப்பவர் 'படம் தப்பாக இருக்கிறதே' என்று நினைப்பது இங்கேதான். சில்லின் உண்மையான கால் வரிசை தரவுத்தாளில் இருக்கும். வரைபடம் சொல்வது சுற்றின் பொருளை.

கோடுக்கும் கம்பிக்கும் உள்ள வேறுபாடு

பவர்பாயிண்டில் ஒரு நீள்சதுரமும் நாலு கோடுகளும் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அறிக்கையில் ஒட்டுவதற்கு ஒரே ஒரு படம் வேண்டும், அதோடு வேலை முடிந்தது என்றால் தாராளமாகப் போதும். பென்சிலும் கட்டத்தாளும் அதைவிட நன்றாக இருக்கும்.

ஆனால் பவர்பாயிண்டுக்கு அது வெறும் கோடு. கோட்டின் முனை மின்தடையின் காலில் தொட்டுக்கொண்டிருக்கிறதா, அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மின்சுற்றுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளில் நீங்கள் போடுவது கம்பி. முனை காலைத் தொட்டதும் அந்த இணைப்பை அது தன் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. 'முதல் மின்தடையின் இரண்டாம் கால், சில்லின் ஏழாம் கால், இரண்டாம் மின்தடையின் முதல் கால்: மூன்றும் ஒன்று' என்பதுபோல ஒரு பட்டியல். நெட்லிஸ்ட் என்று அதற்குப் பெயர். திரையில் தெரியும் படம் நமக்கு. கணினிக்கு வேண்டியது அந்தப் பட்டியல்.

பட்டியல் இருப்பதால் மூன்று வேலைகள் சாத்தியமாகின்றன. இணைப்பில் பிழை இருக்கிறதா என்று கணினியே சோதிக்கலாம். சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டலாம், அதாவது உருவகப்படுத்தலாம். அதே பட்டியலிலிருந்து அச்சுச் சுற்றுப் பலகை, அதாவது பிசிபி, வடிவமைக்கலாம்.

இந்த மூன்றையும் செய்யும் எல்லா மென்பொருளையும் மக்கள் 'சர்க்யூட் சாஃப்ட்வேர்' என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுவதால்தான் குழப்பம். உருவகப்படுத்தச் சிறந்த கருவியில் பலகை செய்ய முடியாது. பலகைக்குச் சிறந்த கருவி, ஓம் விதி படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெருஞ்சுமை. எனவே முதல் கேள்வி, எந்த மென்பொருள் என்பதல்ல. வரைந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான்.

மின்சாரம் ஓடுவதைப் பார்க்க வேண்டுமா?

மின்னோட்டம் எப்படிப் பிரிகிறது, மின்தேக்கி எப்படி நிரம்புகிறது என்று புரிந்துகொள்வது மட்டும் நோக்கமென்றால், எதையும் கணினியில் நிறுவ வேண்டாம். பால் ஃபால்ஸ்டட் எழுதிய சுற்று உருவகி இணைய உலாவியிலேயே ஓடும், கட்டணமில்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. கம்பிகளில் மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்து போகும். அவை வேகமாகப் போனால் மின்னோட்டம் அதிகம். நேர் மின்னழுத்தம் பச்சை, எதிர் சிவப்பு, தரை சாம்பல் நிறம். பாடநூலில் இரண்டு பக்கம் படித்தும் மனத்தில் பதியாத ஒன்று இதில் இரண்டு நிமிடத்தில் பதிந்துவிடுவதைப் பார்க்கலாம். வரைந்த சுற்றை ஓர் இணைப்பு முகவரியாக மாற்றி ஆசிரியருக்கு அனுப்பவும் முடியும்.

ஒரு சிறு குறிப்பு. அதில் மின்தடை முதலில் வளைவளைவாக, அமெரிக்கப் பாணியில் வரும். நம் எஸ்.பி.எம். இயற்பியலிலும் சிங்கப்பூர்ப் பாடநூல்களிலும் மின்தடை நீள்சதுரம். விருப்பங்கள் பட்டியலில் ஐரோப்பிய மின்தடையைத் தேர்ந்தெடுத்தால் நீள்சதுரமாகிவிடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதைச் செய்து கொடுத்துவிடுங்கள்.

ஆர்டுயினோ அல்லது மைக்ரோபிட் பலகையை வைத்து விளையாடும் சிறுவர்களுக்கு டிங்கர்கேட் பொருத்தம். இதுவும் உலாவியில் ஓடுவது, இதற்கும் கட்டணமில்லை. பிரெட்போர்டில் பாகங்களைச் செருகி, நிரலை எழுதி, திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மின்தடை போடாமல் எல்.இ.டி.யை நேராக மின்கலத்தோடு இணைத்தால் அது வெடித்ததுபோல ஒரு குறி காட்டும். உண்மையில் ஒரு எல்.இ.டி. கருகினால் நட்டம் சில சென்; பிள்ளை பயந்துவிடுவதுதான் பெரிய நட்டம். அதைத் தவிர்க்க இது நல்ல இடம். பொத்தானை அழுத்தினால் மின்சுற்று வரைபடமாகவும் மாற்றிக் காட்டும். ஆனால் அது கணினி தானாக அடுக்கிய படம். அதைப் பார்த்து வரைபடம் வரையக் கற்றுக்கொள்ள முடியாது.

ஃபிரிட்சிங்கும் இந்த வகைதான். ஜெர்மனியில் போட்ஸ்டாம் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய திட்டம். வலைப்பக்கங்களிலும் புத்தகங்களிலும் நீங்கள் பார்க்கும் அழகான வண்ண பிரெட்போர்டு படங்கள் பலவும் இதில் செய்தவை. அந்தப் படத்துக்காக மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். மூல நிரல் திறந்ததே என்றாலும், தயார்நிலையில் பதிவிறக்க ஒரு சிறு தொகை கேட்கிறார்கள். இதன் மின்சுற்று வரைபடப் பக்கத்தில் கோடுகள் சிக்கிய நூல்போலக் கிடக்கும். ஒவ்வொன்றையும் கையால் நேராக்க வேண்டும். மாணவர்கள் இங்கே பொறுமை இழப்பது இயல்பு.

கல்லூரி நிலைக்குப் போய்விட்டவர்கள் பெருக்கி, வடிப்பான், மின்வழங்கி ஆகியவற்றின் நடத்தையைக் கணக்கிட எல்.டி.ஸ்பைஸை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பைஸ் என்பது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் எழுதி 1973இல் வெளிவந்த கணக்கீட்டு நிரல். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் உருவகிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. எல்.டி.ஸ்பைஸ் இலவசம், வேகம் அதிகம், தோற்றம் மட்டும் பழையது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பைஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. பத்து லட்சம் ஓம் என்ற எண்ணத்தில் 1 போட்டுப் பக்கத்தில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தை இட்டால், அது மெகா ஆகாது, மில்லி ஆகிவிடும். மின்தடையின் மதிப்பு ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு! மெகாவுக்கு 'எம், இ, ஜி' என்று மூன்று எழுத்தும் போட வேண்டும். 'சுற்று சரி, விடைதான் பைத்தியம்போல வருகிறது' என்று புலம்புபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வரையக் கற்க வேண்டுமென்றால்

மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி வரைய வேண்டும், நாளைக்கு அதை ஒரு பலகையாகவும் செய்ய வேண்டும் என்றால், என் பரிந்துரை கீகேட். சிலர் கைகேட் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் மென்பொருள் கோபித்துக்கொள்ளாது.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய ஜான் பியர் ஷராஸ் 1992இல் இதைத் தொடங்கினார். பல ஆண்டுகள் சிலருக்கு மட்டுமே தெரிந்த கருவியாக இருந்தது. ஜெனீவாவின் செர்ன் அணு ஆய்வுக்கூடம் 2013 முதல் இதன் மேம்பாட்டில் கைகொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. செர்னின் வாதம் எளிமையானது. ஆய்வுக்கூடங்கள் தங்கள் மின்னணு வடிவமைப்புகளை உலகத்தோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றன. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கவே விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுமென்றால் பகிர்ந்து என்ன பயன்? எனவே கருவியும் திறந்ததாக இருக்க வேண்டும்.

கீகேட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பலகையின் அளவுக்கோ பக்கங்களின் எண்ணிக்கைக்கோ வரம்பு இல்லை. காசும் இல்லை, கணக்குத் திறப்பதும் இல்லை. குறை என்று சொன்னால், பதிவிறக்கம் ஒரு கிகாபைட்டுக்கும் மேல். கைப்பேசித் தரவில் இறக்காதீர்கள். இன்னொன்று, முதல் நாள் மிரட்டும். பொத்தான்கள் அதிகம். ஒரு சனிக்கிழமை பிற்பகலை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் மிரட்சி போய்விடும்.

எப்படி இருக்கும் என்று காட்ட, உலகெங்கும் தொடக்கநிலையாளர்கள் செய்யும் அதே மின்மினிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்த 555 நேரச்சில்லு, 9 வோல்ட் மின்கலம், இரண்டு மின்தடைகள், ஒரு மின்தேக்கி, ஒரு எல்.இ.டி. முதல் மின்தடை 10 கிலோ ஓம், எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையில். இரண்டாவது 68 கிலோ ஓம், ஏழுக்கும் ஆறுக்கும் இடையில். ஆறும் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து, 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாகத் தரைக்கு. நான்காம் கால் மின்சாரத்தோடு. ஐந்தாம் கால் 10 நானோ ஃபாரட் வழியாகத் தரைக்கு. மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் மின்தடையும் எல்.இ.டி.யும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 0.54 விநாடி எரியும், 0.47 விநாடி அணையும். ஒரு விநாடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும் விளக்கு.

கீகேட்டில் புதிய திட்டம் திறந்து, மின்சுற்றுப் பக்கத்துக்குப் போங்கள். விசைப்பலகையில் 'ஏ' தட்டினால் பாகங்களின் களஞ்சியம் திறக்கும். 555 என்று தேடி எடுத்துப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். மறுபடி 'ஏ', இப்போது மின்தடை. களஞ்சியத்தில் வெறுமனே 'ஆர்' என்றிருப்பது நமக்குப் பழக்கமான நீள்சதுரம். 'ஆர்'க்குப் பின் 'யு.எஸ்.' என்று வால் முளைத்திருப்பது அமெரிக்க வளைவு. 10 மைக்ரோ ஃபாரட்டுக்குத் துருவம் உள்ள மின்தேக்கியைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வாங்கும் உருளை வடிவ மின்தேக்கிக்கு நேர் கால், எதிர் கால் உண்டு, மாற்றிப் போட்டால் கெட்டுவிடும். 'ஆர்' தட்டினால் பாகம் சுழலும். 'எம்' தட்டினால் நகரும். 'டபிள்யூ' தட்டினால் கம்பி. மின்சாரம், தரை ஆகியவற்றின் குறிகளுக்கு 'பி'. இந்த ஐந்து விசைகளோடு முழுச் சுற்றையும் வரைந்துவிடலாம்.

எல்லாக் கம்பிகளையும் இழுத்து ஒரு பின்னல் போடாதீர்கள். தரைக்குப் போகும் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக ஒரு தரைக்குறி வைத்தால் போதும். ஒரே பெயர் உள்ளவை எல்லாம் ஒன்றாக இணைந்தவை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். படம் சட்டென்று இலகுவாகிவிடும். குறுக்கே போகும் இரு கம்பிகள் புள்ளி இல்லாமல் வெட்டிக்கொண்டால் அவற்றுக்கு இணைப்பில்லை. புள்ளி இருந்தால் இணைப்பு. நாலு கம்பிகளை ஒரே புள்ளியில் கூட்டி வைக்காமல், இரண்டு 'டி' வடிவச் சந்திகளாகப் பிரித்து வரைவது பழைய வரைவாளர்களின் வழக்கம். அச்சில் புள்ளி மங்கிப்போனாலும் படிப்பவர் ஏமாறமாட்டார்.

இனி, கீகேட்டில் புதியவர்கள் விழும் இரண்டு குழிகள். இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

முதலாவது கட்டம். திரையில் தெரியும் புள்ளிக் கட்டத்தின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். பாகங்களின் கால்கள் அந்தக் கட்டத்தில்தான் உட்கார வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கட்டத்தைச் சிறியதாக்கிவிட்டு, ஒரு பாகத்தைக் கொஞ்சம் நகர்த்தினால், கம்பியின் முனை காலைத் தொடுவதுபோலத் தெரியும், தொட்டிருக்காது. இணையாத காலின் நுனியில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். கம்பி உண்மையாகவே இணைந்ததும் அந்த வட்டம் மறைந்துவிடும். வரைந்து முடித்ததும் அந்த வட்டங்கள் எங்கேனும் மிச்சமிருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கட்டத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, மின்விதிச் சோதனை. இந்தப் பொத்தானை அழுத்தியதும் கணினி உங்கள் சுற்றை ஆராய்ந்து பிழைப் பட்டியல் தரும். எல்லாம் சரியாக வரைந்த மின்மினிச் சுற்றிலும் 'மின்சாரம் பெறும் காலுக்கு மின்சாரம் தருபவர் யாருமில்லை' என்ற பொருளில் பிழை வரும். மின்கலம்தான் இருக்கிறதே என்று நீங்கள் வியப்பீர்கள். கீகேட்டின் களஞ்சியத்தில் மின்கலத்தின் கால்கள் 'மின்சாரம் தருபவை' என்று குறிக்கப்படவில்லை. மின்தடையின் கால்போலச் சாதாரணக் கால்கள். அதனால் மென்பொருளுக்குச் சந்தேகம். 'பவர் ஃபிளாக்' என்ற குறி ஒன்றை மின்சாரக் கம்பியில் ஒன்று, தரைக் கம்பியில் ஒன்று என்று வைத்துவிட்டால் பிழை மறையும். 'மின்சாரம் இங்கிருந்து வருகிறது, என்னை நம்பு' என்று சொல்லும் குறி அது; பலகையில் அதற்கு உருவமே இல்லை. இது தெரியாமல், கீகேட் பழுதானது என்று முடிவுகட்டி விட்டுப் போனவர்கள் உண்டு.

வேண்டுமென்றே எதோடும் இணைக்காமல் விடும் கால் ஏதேனும் இருந்தால், 'க்யூ' தட்டி அதில் ஒரு பெருக்கல் குறி வையுங்கள். 'மறந்துவிடவில்லை, தெரிந்தே விட்டேன்' என்று மென்பொருளுக்கும், நாளை அந்தப் படத்தைப் படிக்கப்போகும் மனிதருக்கும் அது சொல்லும்.

குரோம்புக் மட்டும் இருந்தால்

பள்ளி கொடுத்த குரோம்புக்கில் கீகேட்டை நேரடியாக நிறுவ முடியாது. அப்போது உலாவியில் ஓடும் ஈசிஇடிஏ உதவும். சீனத் தயாரிப்பு. பலகை அச்சிடும் ஜேஎல்சிபிசிபி, பாகங்கள் விற்கும் எல்சிஎஸ்சி ஆகிய நிறுவனங்களோடு பிணைந்தது. நீங்கள் வைக்கும் பாகம் கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன என்று வரையும்போதே தெரியும். முடித்ததும் பலகைக்கு அங்கேயே ஆர்டர் கொடுக்கலாம். கற்றுக்கொள்வதும் எளிது. இதற்காகவே பலர் இதை விரும்புகிறார்கள், அதில் தவறில்லை.

ஆனால் உங்கள் வரைபடம் இயல்பாகப் போய் உட்காருவது அந்த நிறுவனத்தின் சேவையகத்தில். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் ஒரு பிரதியை உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். 2024இல் வந்த கீகேட் 8ஆம் பதிப்பு முதல் ஈசிஇடிஏ கோப்புகளை நேராகத் திறக்க முடிகிறது. பிரதி கையில் இருந்தால் பின்னால் மாறிக்கொள்ள வழி உண்டு.

இந்த எச்சரிக்கை ஏன் என்பதற்கு ஈகிள் என்ற மென்பொருளின் கதையைச் சொல்ல வேண்டும். 1988இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. சிறிய பலகைகளுக்கு இலவசப் பதிப்பு இருந்ததால், ஒரு தலைமுறைப் பொழுதுபோக்காளர்களும் மாணவர்களும் இதில்தான் வரையக் கற்றார்கள். ஆர்டுயினோ பலகைகளின் வடிவமைப்பே ஈகிள் கோப்புகளாகத்தான் உலகுக்கு வெளியிடப்பட்டது. 2016இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017 தொடக்கத்தில் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்ற முறை போய், சந்தா முறை வந்தது. 2023இல் இன்னோர் அறிவிப்பு: 2026 ஜூன் 7க்குப் பிறகு ஈகிளுக்கு விற்பனையும் இல்லை, ஆதரவும் இல்லை, இனி எல்லாம் ஃபியூஷன் என்ற பெரிய மென்பொருளுக்குள்.

ஃபியூஷனிலும் தனிநபர்களுக்கு இலவச வழி உண்டு. இரண்டு பக்க வரைபடம், இரண்டு அடுக்குப் பலகை, 80 சதுர சென்டிமீட்டர் என்ற வரம்போடு. தொடக்கநிலையாளருக்கு அந்த வரம்பு ஒரு தடையே அல்ல. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகத் தம் வேலையை ஒரே கருவியில் சேர்த்து வைத்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வரைந்தது அவருடையதுதான். அதைத் திறக்கும் சாவி மட்டும் வேறொருவரிடம். நல்ல வேளையாக, ஈகிள் தன் ஆறாம் பதிப்பிலிருந்து கோப்புகளை எளிய எழுத்து வடிவில் சேமித்து வந்தது. அதனால் கீகேட் அவற்றைப் படித்துத் திறக்கிறது. அந்த ஒரு தொழில்நுட்ப முடிவு பல்லாயிரம் வடிவமைப்புகளைக் காப்பாற்றியது என்றே சொல்வேன்.

கீகேட்டின் கோப்பும் எழுத்து வடிவம்தான். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்கள் மின்தடையின் பெயரும் மதிப்பும் கண்ணுக்குத் தெரியும்.

மற்றவை சில

ஆல்டியம், ஆர்கேட் போன்றவை தொழிற்சாலைப் பொறியாளர்களுக்கானவை. பினாங்கு பாயான் லெப்பாஸில் வடிவமைப்பு வேலைக்குப் போக நினைப்பவர் ஒரு நாள் இவற்றைத் தொட வேண்டியிருக்கும். அப்போது கற்றுக்கொள்ளலாம். ஒரு மென்பொருளில் ஒழுங்காக வரையத் தெரிந்தவர் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். மாறாமல் இருப்பது வரைபடம் என்னும் மொழி.

இங்கிலாந்தின் லேப்சென்டர் தயாரிக்கும் புரோட்டியஸ், நுண்கட்டுப்படுத்தியின் நிரலையும் சுற்றையும் சேர்த்து ஓட்டிக் காட்டும் திறமையான கருவி. கட்டணம் உண்டு. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உரிமம் இருந்தால் அங்கே பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வேண்டுமென்று சொன்னதும் நண்பர் ஒருவர் பென்டிரைவில் 'உடைத்த' பிரதியைக் கொண்டுவந்து நீட்டுவார், கேட்காமலேயே. வாங்காதீர்கள். சட்டப் பிரச்சினையை விட்டுவிடுங்கள். அந்தப் பிரதியோடு சேர்ந்து என்னென்ன கணினிக்குள் நுழையும் என்று கொடுப்பவருக்கே தெரியாது. இலவசமாகவே நல்ல கருவிகள் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

ஆக, வீட்டில் படிவம் 1, 2 படிக்கும் பிள்ளைக்கு டிங்கர்கேட்டையும் ஃபால்ஸ்டட் உருவகியையும் திறந்து கொடுங்கள். படிவம் 4க்கு மேல், அல்லது பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் எடுத்தவர் முதல் நாளிலிருந்தே கீகேட்டில் தொடங்கலாம். பழைய மடிக்கணினியாக இருந்தாலும் மின்சுற்று வரையும் அளவுக்கு ஓடும். உருவகம் தேவைப்படும்போது எல்.டி.ஸ்பைஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆர்வலருக்கும் கீகேட்தான். ஆனால் முதலில் தாளில் வரைந்துவிட்டு, பிறகு கணினிக்குப் போகட்டும். எங்கே எதை வைப்பது என்று யோசிப்பதும், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் தலை சுற்றும்.

மின்மினிச் சுற்றை வரைந்து முடித்தவர்கள், பாகம் செருகுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். படத்தைப் பி.டி.எஃப். ஆக மாற்றி அச்சிட்டு, 555 சில்லின் தரவுத்தாளைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு காலாக, எண்ணைப் படித்து, கம்பியைப் பென்சிலால் தடவி, சரியாக இருந்தால் ஒரு குறி போடுங்கள். எட்டுக் கால்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். மின்விதிச் சோதனை, இணையாத காலைக் கண்டுபிடிக்கும். 68 கிலோ ஓமுக்குப் பதில் 68 ஓம் என்று எழுதியதையோ, எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டதையோ அது கண்டுபிடிக்காது. அதற்குப் பென்சில்தான். பிறகு அந்தத் திட்டக் கோப்புறை முழுவதையும், பி.டி.எஃப். உட்பட, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதன் பிறகு பிரெட்போர்டை எடுக்கலாம்.